தெரிந்த கதையும் தெரியாத கதையும்: ஏழாம் வகுப்பின் ஆங்கிலப் பேச்சு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்புலம்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், கரிசல் காட்டு ஊரொன்றில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில், தமிழ்வழியில் பயிலும் ஏழாம் வகுப்பில் ஒரு கல்வியாண்டு முழுவதும் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அவ்வகுப்பின் ஆங்கில ஆசிரியர் நான். வகுப்பில் 34 பேர் இருந்தனர். பெற்றோரில் பெரும்பாலோர் மானாவாரி நிலத்தில் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விதைப்பவர்கள் அல்லது அந்த நிலங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள்; சிலர் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். ஆங்கிலம் பேசுகிற ஒருவரேனும் வீட்டில் இருப்பதாக எந்த மாணவரும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால் அரசுப் பள்ளிக் குழந்தைக்குத் தமிழை அடுத்த ஒரே மொழி ஆங்கிலம்தான். ஏழாம் வகுப்புக்கு வரும்போது அக்குழந்தை ஆங்கிலத்தை ஆறு ஆண்டுகள் படித்திருக்கும். என் மாணவர்களும் படித்திருந்தார்கள். கரும்பலகையில் இருப்பதைப் பிழையின்றி எழுதிக்கொள்வார்கள், கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள், எதிர்ச்சொல் கேட்டால் சொல்வார்கள். பேசுவதற்கு எங்கள் தேர்வில் மதிப்பெண் கிடையாது. அதனால் எனக்கு முன்பிருந்தவர்களும் அதைத் தனியே கற்பிக்கவில்லை. இந்த ஆண்டுக்கு முன்பு நானும் கற்பிக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

ஜூன்: கவனித்தவை

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொருவரையும் தனித்தனியே மேசைக்கு அழைத்து எளிய கேள்விகள் மூன்றை ஆங்கிலத்தில் கேட்டேன். ஒன்பது பேர் வாயே திறக்கவில்லை. பெரும்பாலோர் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்கள். முழு வாக்கியமாகப் பேசியவர்கள் நான்கே பேர். அந்த வாக்கியங்களைக் கூர்ந்து கேட்டபோதுதான் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு மாணவனிடம் கேட்டேன். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, “மை ஃபேவரிட் ஃபுட் இஸ் பிரியாணி” என்றான். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கான பதில் அது இல்லை. மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ‘என்னைப் பற்றி’ என்ற பத்து வரிகளில் சாப்பாடு பற்றிய வரி அது. என் கேள்வியில் ‘ஈட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் அதை எடுத்து நீட்டியிருக்கிறான்.

இதே குழந்தைகள் மதிய உணவுக்குப் பின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தமிழில் கதை பேசுவதையும் அதே நாட்களில் கவனித்தேன். கண்மாய்க் கரையில் யாரோ பார்த்த பேய், திருவிழாவில் மிரண்டு ஓடிய மாடு, பாதியில் மின்சாரம் போய் முடிவு தெரியாமல் போன சினிமா எனக் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். மேசைக்கு முன் ஊமையாக நின்ற ஒன்பது பேரில் ஆறு பேராவது அங்கே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் கூச்ச சுபாவம், பேச்சுத் திறன் இல்லாமை என்று நாங்கள் ஆசிரியர் அறையில் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிற காரணங்கள் இங்கே பொருந்தாது.

ஜூலை: முதல் முடிவும் அதன் தோல்வியும்

கதை சொல்வதில்தான் இவர்களுக்கு நாட்டம் என்றால் ஆங்கிலத்திலும் கதையைச் சொல்ல வைக்கலாம் என்று முடிவு செய்தேன். பாடநூலில் இருந்த கதையையே எடுத்துக்கொண்டேன். சொற்கள் ஏற்கெனவே படித்தவை, படங்கள் உண்டு, பாடம் நடத்தும் நேரமும் வீணாகாது என்பவை அதற்கான காரணங்கள். கதையை எட்டு வாக்கியங்களாகச் சுருக்கிக் கரும்பலகையில் எழுதி, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ஒவ்வொருவராக முன்னால் வந்து சொல்லச் சொன்னேன்.

ஐந்து வாரம் இப்படி நடந்தது. பயன் விளையாததோடு இருந்த துணிவையும் அது குறைத்துவிட்டது என்பதே என் கணிப்பு. நன்றாக மதிப்பெண் வாங்குகிற ஒரு மாணவி நான்கு வாக்கியங்களைத் தடையின்றிச் சொன்னாள். ஐந்தாவது வாக்கியம் ‘சடன்லி’ என்று தொடங்க வேண்டும்; அந்தச் சொல் அவளுக்கு நழுவிவிட்டது. மறுபடி முதல் வாக்கியத்துக்குப் போய் அங்கிருந்து ஓடி வந்தாள், அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது முறையும் நின்றபோது அழுதுவிட்டாள். அந்த நேரத்தில் மற்ற 33 பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நான் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். எல்லாரும் குறிப்பேட்டைத் திறந்து, அவள் சொல்லச் சொல்ல வரியில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வரவேண்டிய சொல் வருகிறதா என்று சரிபார்த்தார்களே தவிரக் கதையை யாரும் கேட்கவில்லை. அவளும் எங்களில் யாருக்கும் கதை சொல்லவில்லை, ஒப்பித்தாள்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்லப்படும் கொழுக்கட்டைக் கதை அப்போது நினைவுக்கு வந்தது. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மருமகன் அதன் பெயர் மறந்துவிடக்கூடாதே என்று “கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்று சொல்லிக்கொண்டே தன் ஊருக்கு நடக்கிறான். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது “அத்திரிபாச்சா” என்று குதிக்கிறான். அதன் பிறகு வாயில் அத்திரிபாச்சாதான் நிற்கிறது. என் மாணவியின் ஐந்தாவது வாக்கியம் அவனுடைய வாய்க்கால்தான்.

ஆகஸ்ட்: கிணற்றில் விழுந்த ஆடு

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், இரண்டு நாள் வராதிருந்த ஒரு மாணவி வகுப்புக்கு வந்தாள். ஜூன் மாதம் வாய் திறக்காத ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. ஏன் வரவில்லை என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டைப் பார்த்தபடி, “ஃபீவர், சார்” என்ற வழக்கமான பதிலை எதிர்பார்த்திருந்தேன். அவள் “கோட், சார்” என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். “கோட் வெல் ஃபால். மை தாத்தா டவுன். ரோப். ஐ ஹோல்ட் ரோப்.”

வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வரிசையிலிருந்து ஒருவன் “செத்துருச்சாடீ?” என்று கேட்டான். “நோ. அலைவ். பட் ஒன் லெக் பிரேக்” என்று அவனுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. கிணறு எவ்வளவு ஆழம், தண்ணீர் இருந்ததா, தாத்தா எப்படி மேலே ஏறி வந்தார் என்று நான் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். ‘ஏணி’ என்பதற்குச் சொல் கிடைக்காமல் இரண்டு கைகளாலும் ஏறிக் காட்டினாள். முன் வரிசையில் இருந்த ஒருத்தி “லேடர்” என்று எடுத்துக் கொடுத்தாள். ஏறக்குறைய இரண்டு நிமிடம் நடந்த அந்தப் பேச்சில் இலக்கணப்படி சரியான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆடு எப்படி விழுந்தது, எப்படி வெளியே வந்தது, இப்போது எங்கே கட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் வகுப்பில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

ஒரே ஒரு சம்பவத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதால் அடுத்த வாரம் ஆறு பேரை வைத்துச் சிறியதாகச் சோதித்துப் பார்த்தேன். ஒரு நாள் பாடக் கதையையும், மறுநாள் தம் வீட்டில் கேட்ட, மற்றவர்களுக்குத் தெரியாத கதை ஒன்றையும் சொல்லச் சொன்னேன். ஆறு பேரில் ஐந்து பேர் இரண்டாவதையே நீண்ட நேரம் சொன்னார்கள்; பிழைகளும் இரண்டாவதிலேயே அதிகம் இருந்தன. தெரிந்த கதையைத் தெரிந்தவரிடம் சொல்லும்போது, கேட்பவருக்குச் சொற்களைத் தவிரக் கவனிக்க வேறு எதுவும் இல்லை. தெரியாத கதை என்றால் முடிவு தெரிய வேண்டுமே என்று கேட்பவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பே சொல்பவரைப் பேச வைக்கிறது. அடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் எடுத்தேன்.

செப்டம்பர்: இரண்டாவது முடிவு

தெரிந்த கதையை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. அதைச் சொல்வதற்கு வைத்ததுதான் பிழை, கேட்பதற்கு வைத்தால் அது பயன்படும் என்று தோன்றியது. என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் மொழி புரியாத இடங்களையும் குழந்தை ஊகித்துக் கடந்துவிடும். எனவே வாரம் இருமுறை, பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தில், ஊரறிந்த கதைகளை நானே ஆங்கிலத்தில் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். முதல் கதை கொழுக்கட்டைக் கதை. “ஹி வாக்டு அண்ட் வாக்டு” என்று நான் நடந்து காட்டுவேன்; “வாட் டிட் ஹி ஸே?” என்று கேட்டால் வகுப்பே “கொழுக்கட்டை!” என்று கத்தும். வாய்க்கால் வந்ததும் “ஹி ஜம்ப்டு” என்று குதித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பேன். ‘செய்ட்’ என்று எழுத்துக் கூட்டி உச்சரித்துக்கொண்டிருந்தவர்களும் ‘வாக்கெட்’, ‘ஜம்பெட்’ என்று ஈற்றை இழுத்துக்கொண்டிருந்தவர்களும் மூன்றாம் முறை கேட்டபோது, நான் திருத்தாமலே, என் உச்சரிப்புக்கு வந்திருந்தார்கள்.

கதையில் ஓரிடத்தை நான் மாற்றினேன். கொழுக்கட்டை செய்யத் தெரிந்தும் அத்திரிபாச்சா என்னவென்று தெரியாத மனைவியை அவன் அடிப்பான், அவள் கன்னம் கொழுக்கட்டை போல வீங்கும் என்பது வழக்கில் உள்ள கதை. பரணில் தேடப்போன இடத்தில் அவள் தலையை இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்து, “நோ, சார். மை ஆச்சி ஸ்டோரி, ஹி பீட்” என்றாள். இன்னொருத்தி “பீட் இஸ் ராங்” என்றாள். “ஸ்டோரி, சார், ஸ்டோரி ஒன்லி” என்றான் ஒருவன். உடைந்த ஆங்கிலத்தில், நான் ஏற்பாடு செய்யாமலே, அந்த ஆண்டில் நடந்த முதல் விவாதம் அது.

அடுத்தது கேட்பவரின் வேலை. நம் வீடுகளில் ஆச்சி கதை சொல்லும்போது பிள்ளை ‘உம்’ கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். ஆங்கில வகுப்பிலும் உம் கொட்ட வேண்டும் என்று விதித்தேன். ஆனால் உம் என்பதற்குப் பதிலாக “அண்ட் தென்?”, “ஹூ?”, “வேர்?”, “வொய்?” என்ற நான்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்பவருக்கு இக்கேள்விகள் அடுத்த வாக்கியத்தின் வாசலைத் திறந்துவிட்டன. கதை சொல்லத் துணிவில்லாதவர்களும் உம் கொட்டலாம் என்பதால், யாரும் வேலையின்றி உட்கார்ந்திருக்கவில்லை.

மூன்றாவதாக, ஒரே கதையை மூன்று பேரிடம் சொல்ல வேண்டும். ஒரு செய்தியை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடத்திலும், அடுத்தவரிடம் மூன்றிலும், பிறகு இன்னொருவரிடம் இரண்டிலும் சொல்லும் பயிற்சியைக் கீத் மாரிஸ் என்பவர் 1983-இல் எழுதினார். மொழியறிஞர் பால் நேஷன் பின்னர் அதைப் பரவலாக அறியச் செய்தார். 4-3-2 என்று வழங்கும் அம்முறையை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு நிமிடம் பேச முடிகிறவருக்குத்தான் நேரத்தைக் குறைப்பது தூண்டுதலாக இருக்கும். இருபது நொடியில் சொல் தீர்ந்துவிடுகிற குழந்தைக்கு அது மிரட்டல். ஆகவே முதல் மூன்று மாதமும் மூவரிடமும் இரண்டிரண்டு நிமிடம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் எதிரே உட்காருகிறவர் கதை தெரியாதவராக இருக்க வேண்டும். பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு, ஒரு வரிசையை மட்டும் ஓரிடம் நகர்த்தினால் இது எளிதாக முடிந்தது. முதல் ஆளிடம் கையை ஆட்டித் தடுமாறிய இடத்தில் மூன்றாவது ஆளிடம் சொல் வந்துவிடுவதை ஒவ்வொரு வாரமும் காண முடிந்தது. இரண்டாவது ஆள் எடுத்துக் கொடுத்த சொல்லாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

பேசும்போது குறுக்கிட்டுத் திருத்துவதில்லை என்றும், கண்மாய், கமலை, களத்துமேடு போன்ற சொற்களைத் தமிழிலேயே சொல்லலாம் என்றும் முடிவு செய்தேன். ஆங்கிலச் சொல் தேடி நிற்கிற நேரத்தில் கதை செத்துவிடும். பாடவேளை முடியும்போது, பலரிடம் கேட்ட பிழைகளில் இரண்டை மட்டும் கரும்பலகையில் எழுதிப் பேசினோம். முதல் வாரம் எழுதியது “ஒன் கிங் வாஸ் தேர்” என்பது. “ஒரு ராஜா இருந்தார்” என்ற தமிழ் அடுக்கு அப்படியே ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது என்று காட்டியதும், “தேர் வாஸ் எ கிங்” என்பது ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்பது அவர்களுக்கு விளங்கியது.

அக்டோபர், நவம்பர்: தொடர்ந்து நடந்தவை

பதினேழு பேர் ஒரே நேரத்தில் கதை சொல்ல, பதினேழு பேர் கேள்வி கேட்டால் என்ன ஓசை எழும் என்பதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. அடுத்த அறையில் கணக்குப் பாடம் நடத்துகிறவர் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டு மூன்றாம் நாள் வந்து நின்றார். தலைமையாசிரியரும் வந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு சார், பாடத்தை எப்ப முடிப்பீங்க?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை இதற்கென்று ஒதுக்கி வேப்பமரத்தடிக்குப் போவது, வகுப்பறையில் வாரம் ஒரு முறை பாதிப் பாடவேளை மட்டும் எடுத்துக்கொள்வது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரத்தடி சேறாகிவிட்டதால் வராந்தாவுக்கு மாறினோம். மழைச் சத்தத்தில் குழந்தைகள் தாமாகவே குரலை உயர்த்திப் பேசியது அந்த மழையால் கிடைத்த நன்மை.

மறக்க முடியாத கேள்வி ஒன்றும் அந்த வராந்தாவில்தான் எழுந்தது. “‘ராஜா இருந்தாராம்’னு சொல்றோம்ல சார், அந்த ‘ஆம்’முக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்று ஒரு மாணவன் கேட்டான். நான் பார்த்ததில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதை வினையின் ஈற்றிலேயே வைத்துவிடுகிற வசதி ஆங்கில வினைக்கு இல்லை. “தே ஸே” என்று தனியே சொல்ல வேண்டும், அல்லது “ஒன்ஸ் அப்பான் எ டைம்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் மிச்சமெல்லாம் கதைதான் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும் என்று விளக்கினேன். இருபது ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியும் அந்தத் தொடர் செய்கிற வேலையை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. இலக்கணப் பாடத்தில் இப்படியொரு கேள்வி வந்ததும் இல்லை.

எதிர்ப்பும் இருந்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவன், “தப்புத் தப்பாப் பேசிப் பழகுனா அதே பழகிராதா சார்?” என்று கேட்டான். அவன் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆசிரியர்களிலும் பலருக்கு அதே கவலைதான். முதலில் எழுதிக்கொண்டு பேசட்டும் என்று அவனுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். அவன் தாளைப் பார்த்துப் படித்தான், எதிரே இருந்தவன் “வொய்?” என்று கேட்டபோது தாளில் அதற்குப் பதில் இல்லை. தாளை அவன் மடித்து வைக்கப் பொங்கல் விடுமுறை கழிந்து மேலும் சில வாரங்கள் ஆயின.

நவம்பர் இறுதி: என் பிழையால் நேர்ந்தது

ஆட்டுக் கதை தந்த ஊக்கத்தில், “வீட்டில் கேட்ட கதை, அல்லது சொந்த வாழ்க்கையில் நடந்தது எதுவானாலும் சொல்லலாம்” என்று பொதுவாக அறிவித்திருந்தேன். நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு மாணவன் தன் வீட்டில் இரவில் நடந்த சண்டையைக் கதையாகச் சொல்லிவிட்டான். மூன்று பேரிடம் சொல்ல வேண்டும் என்பது என் விதி; அதன்படி மூன்று பேரிடம் சொன்னான். மாலைக்குள் பள்ளி முழுவதற்கும் அது தெரிந்துவிட்டது. மறுநாள் அதை வைத்தே அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் சூட்டிவிட்டார்கள். மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

நான்காம் நாள் வந்தவனைத் தனியே அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவனும் அவன் தாயும் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்பதைத் தலைமையாசிரியர் மூலம் உறுதி செய்துகொண்டோம். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை எல்லா வகுப்பறைகளிலும் எழுதி வைத்தோம். விதியை அன்றே மாற்றினேன். இனி ஆச்சியோ தாத்தாவோ சொன்ன கதை, ஆடு மாடு பறவை பற்றி நேரில் கண்டது, அல்லது வேறு பெயர் வைத்துக் கட்டிய கதை மட்டுமே. வீட்டு மனிதர்களின் விஷயம் வகுப்பில் வேண்டாம். அந்த மாணவன் இரண்டு வாரம் உம் மட்டும் கொட்டினான், நான் வற்புறுத்தவில்லை. டிசம்பர் நடுவில் ஒரு நரிக் கதை கொண்டு வந்தான்.

மார்ச்: விளைவு

செப்டம்பரில் ஒவ்வொருவரும் சொன்ன முதல் கதையில் ஒரு நிமிடத்தைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தேன். மார்ச்சில் மறுபடி பதிந்தேன். இடையில் இரண்டு குடும்பங்கள் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டதால் இரண்டு முறையும் பதிவானவர்கள் 32 பேர். என் காதை நானே நம்பக்கூடாது என்பதால் வேறு பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் நண்பர் ஒருவரிடம், எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லாமல், இரண்டிரண்டாகக் கொடுத்தேன். பெரும்பாலான இணைகளில் மார்ச் பதிவையே தடங்கல் குறைவானது என்று அவர் சரியாகச் சுட்டினார். அவர் தனியாகக் குறித்த ஒன்று எனக்குப் புதிது: செப்டம்பரில் குழந்தைகள் வாக்கியத்தின் நடுவே நின்றார்கள், மார்ச்சில் வாக்கியம் முடிந்த பிறகு நின்றார்கள். ஜூனில் வாய் திறக்காத ஒன்பது பேரில் ஏழு பேர் அந்த ஒரு நிமிடத்தை நிரப்பினார்கள்.

மாறாதவையும் உண்டு. ‘எ’, ‘தி’ வர வேண்டிய இடங்கள் செப்டம்பரில் எப்படி வெறுமையாக இருந்தனவோ அப்படியே இருந்தன. “டிட் நாட் கேம்” என்பது போன்ற பிழைகள் கூடின. செப்டம்பரில் எதிர்மறை வாக்கியத்தை முயன்றவர்களே குறைவு என்பது காரணமாக இருக்கலாம். ‘ரன்-எட்’, ‘ஈட்-எட்’ என்ற வடிவங்களும் புதிதாக முளைத்தன. நண்பர் அவற்றைப் பிழைப் பட்டியலில் சேர்த்தார். எனக்கு அவை மகிழ்ச்சியையே தந்தன, ஏனென்றால் ‘ரன்-எட்’ என்று எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்த நூலிலும் அது இல்லை. விதியைப் பிடித்துக்கொண்டு குழந்தை தானே உருவாக்கிய சொல் அது. மனப்பாடம் செய்கிறவர் வாயில் அது வராது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடும்படியான உயர்வு இல்லை. அதை எதிர்பார்த்திருந்த தலைமையாசிரியருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

இம்முறை இல்லாத வேறொரு வகுப்போடு நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒரு வயது கூடியதால் வந்த துணிவு எவ்வளவு, கதையால் வந்தது எவ்வளவு என்று இந்தப் பதிவுகளை வைத்துப் பிரிக்க முடியாது.

மாற்ற வேண்டியவை

பாடக் கதையை ஒப்பிக்க வைத்த ஐந்து வாரத்தை மறுபடி செலவிட மாட்டேன். ஜூன் முதல் வாரமே நான் கதை சொல்லத் தொடங்கிவிடுவேன். பதிவையும் ஜூனிலேயே எடுக்க வேண்டும், ஏனென்றால் செப்டம்பர் என்பது உண்மையான தொடக்கம் அன்று. எந்தக் கதை வகுப்புக்கு வரலாம், எது வரக்கூடாது என்ற விதியைக் கதை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கரும்பலகையில் எழுதும் இரண்டு பிழைகளை நான் தேர்ந்தெடுத்த முறையும் சரியில்லை. அடிக்கடி வருவதை எடுத்தேன். கேட்பவருக்குக் கதை குழம்பிப்போன இடத்தை எடுத்திருக்க வேண்டும். ‘ஹி’ யார் என்று தெரியாமல் “ஹூ?” என்று மூன்று முறை கேட்க வைத்த பிழை, ‘எ’ விட்டுப்போன பிழையைவிட முக்கியமானது.

கடைசி வரை பேசாத இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருத்திக்கு ஆண்டின் பெரும்பகுதியும் வருகையே இல்லை. பருத்தி எடுக்கிற காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மற்றவன் எல்லா நாளும் வந்தான். எதிரே இருப்பவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொருந்தாத இடத்தில் “வேர்?” என்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள், கவனம் இல்லாத பிள்ளை என்று நானும் குறித்து வைத்திருந்தேன். பிப்ரவரியில் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அவனுக்கு இரண்டு காதிலும் நெடுநாளாகச் சீழ் இருப்பதைக் கண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பியது. உம் தப்பி விழுந்த ஒவ்வொரு முறையும் அவன் எனக்கு அதைத்தான் தெரிவித்துக்கொண்டிருந்திருக்கிறான். இவ்வாண்டு ஏழாம் வகுப்பில், பொருந்தாத இடத்தில் உம் கொட்டுகிறவர் யாரென்று ஜூன் மாதமே குறித்து, மூவரைக் காது பரிசோதனைக்கு அனுப்பினேன். ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது.

அவன் இப்போது எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறான். அவ்வகுப்பின் ஆங்கில ஆசிரியர் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆடு வளர்க்கும் மாணவிதான் இரண்டு வாரமாக அவனுக்கு எதிரே உட்கார்ந்து, மெதுவாகவும் உரக்கவும் சொல்கிறாள். போன வாரம் அவன் “அண்ட் தென்?” என்றது சரியான இடத்தில் இருந்தது.